தொடை இடுக்குல ஒரு ஊசி

பெரியம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. 80 தாண்டின உடம்பு. இடுப்பு எலும்பு முறிவு.
எக்ஸ்ரே டேபிளுக்கு மாத்துறப்போ போட்ட அலறல்ல எமர்ஜென்சி வார்டே திரும்பிப் பார்த்துச்சு.

அப்புறம் ஒரு டாக்டரம்மா வந்தாங்க.
தொடை இடுக்குல அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்த்து, ஊசியைச் சாய்வா இறக்கி, நரம்புகள் போற சவ்வுக்கு அடியில மரத்துப்போற மருந்தைப் பரப்புனாங்க.
ஃபேசியா இலியாகா பிளாக்காம்.

அரை மணி நேரத்துல, "காபி கிடைக்குமாடா?"
(ஆபரேஷன் இருக்கு. எங்க கிடைக்கும்!)

வலிக்குக் கொடுக்குற மார்ஃபின் அதிகமானா வயசானவங்களுக்கு மூச்சு மந்தமாகும், புத்தி தடுமாறும். இந்த ஊசி போட்டா அதோட தேவை குறையும். பல மணி நேரம் தாங்கும்.

பல் டாக்டர் ஊசிக்கே கண்ணை மூடுற வீரன் நான். ஆனா அந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கிரீனை எட்டி எட்டிப் பார்த்துட்டிருந்தேன்.

ஆபரேஷன் வரைக்கும் வலியைப் பொறுத்துக்கணும்னு யாருங்க சொன்னது?
உங்க ஊர் ஆஸ்பத்திரில இதைப் போடுறாங்களா?