விருந்தினரின் கை நீளவில்லையே!

 

விருந்து வைப்பது எளிது. விருந்தினரை மனம் நிறைந்து உண்ண வைப்பதுதான் அரிது. இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டது நாற்பது வயதைக் கடந்த பிறகு. அதுவும் ஓர் இரும்புக் கம்பி வலையிடமிருந்து என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மத்ரஸாவில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். இந்நாட்டில் ‘பிராய்’ என்றொரு வழக்கம் உண்டு. விறகை எரித்துத் தணலாக்கி, அதன் மேல் கம்பி வலையை வைத்து இறைச்சி சுட்டு, உற்றார் உறவினரோடு திறந்தவெளியில் அமர்ந்து உண்பதே பிராய். வெள்ளையர், கறுப்பர், கேப் மலாய் முஸ்லிம்கள், இந்திய வம்சாவளியினர் என எல்லாரும் இதைத் தம்முடையதாகவே கருதுகின்றனர். கொத்தமல்லி விதை மணக்கும் ‘பூரவோர்ஸ்’ என்ற நீண்ட இறைச்சிச் சுருளும், குச்சியில் கோத்துச் சுடும் ‘சொசாட்டி’யும் இல்லாத பிராய் அரிது. முஸ்லிம் இறைச்சிக் கடைகளில் இவை ஹலாலாகவே கிடைக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

செப்டம்பர் 24 இங்கு மரபு நாள். 1995 முதல் பொது விடுமுறை. 2005இல் தோன்றிய ஓர் இயக்கத்தின் பயனாக, இன்று பலரும் அதைப் பிராய் நாள் என்றே அழைக்கின்றனர். தமிழ் நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள்: அந்நாள் புரட்டாசி மாதத்தில் வருகிறது!

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தமிழ் இந்து. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்து இக்கரையை அடைந்தது. தொடர்ந்து 1911 வரை வந்த கப்பல்களுள் ஒன்றில் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் அவருடைய முன்னோர். ஐந்து தலைமுறை கடந்த பின் அவருக்குத் தமிழில் நான்கு வார்த்தை பேச வராது. ஆனால் புரட்டாசி தெரியும்! அம்மாதம் முழுவதும் அவர் வீட்டில் மீனும் இறைச்சியும் நுழைவதில்லை.

2023ஆம் ஆண்டு மரபு நாளன்று அவர் குடும்பத்தை அழைத்தேன். “புரட்டாசி ஆயிற்றே” என்று அவர் தயங்கியபோது, “கவலைப்படாதீர்கள், காய்கறியும் உண்டு” என்றேன். அந்த ‘உம்’ என்ற ஓர் இடைச்சொல்லில்தான் என் அலட்சியம் ஒளிந்திருந்தது என்பதைப் பிறகே உணர்ந்தேன்.

ஒரே தணல், ஒரே வலை. ஒரு பக்கம் ஆட்டு விலாத்துண்டுகள். மறுபக்கம் மக்காச்சோளக் கதிர்கள். கொழுப்பு தீயில் சொட்டிப் புகை எழுந்து கதிர்களைச் சூழ்ந்தது. இறைச்சியைப் புரட்டிய இடுக்கியாலேயே கதிர்களையும் புரட்டினேன். பெருமிதத்தோடு தட்டை நீட்டினேன். பெரியவர் புன்னகைத்தார்; கை நீளவில்லை. “வயிறு சற்றுச் சரியில்லை” என்றார். வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவர் மகள் ‘வீகன்’. பாலும் வெண்ணெயும்கூட உண்ணாதவள். அவளுக்கு அந்த ரொட்டியும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள்.

அவர்கள் சென்ற பின் என் மனைவி சொன்னார்: “என்னங்க, நாம் இங்கே குடிவந்த வருடம் அவர்கள் வீட்டு பிராய்க்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அந்த வலையில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்ததே!”

தலை குனிந்தேன். அன்று அப்பெரியவர் நமது ஹலால் கடையில் இறைச்சி வாங்கியிருந்தார். அதோடு நிற்கவில்லை. ‘எங்கள் பழைய வலையில் என்னவெல்லாம் சுட்டோமோ, இவர்கள் மனம் உறுத்துமே’ என்று எண்ணிப் புதிய வலை ஒன்று வாங்கி, அது புதிது என்பதை நாங்கள் வாய்விட்டுக் கேட்காமலே அறியும்படி, விலைச்சீட்டைக் கழற்றாமல் வைத்திருந்தார். பன்றி இறைச்சி பட்ட வலையில் சுட்ட உணவை நாம் தொடுவோமா? பாத்திரத்தின் தூய்மை எத்தகையது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? அறிந்த நானே பிறர்க்கு அதை மறந்தேன்!

மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் ஒரு வரலாறு அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம்மை நாடி வந்த விருந்தினருக்குப் பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவர்களின் கைகள் அதன்பால் செல்லவில்லை என்பதைக் கண்டதும் அவர்கள் உள்ளம் கலங்கிற்று. வந்தவர்கள் வானவர்கள் என்பது பின்னரே தெரிந்தது. இதில் நான் இத்தனை காலம் கவனிக்காத ஒன்று உண்டு: அந்த மாபெரும் நபியின் பார்வை தாம் வைத்த கன்றின் மீது இல்லை, விருந்தினரின் கைகளின் மீது இருந்தது. என் பார்வையோ நான் சுட்ட இறைச்சியின் மீது!

மறு ஆண்டு, 2024இல், மீண்டும் அழைத்தேன். இம்முறை ஒரு வாரம் முன்னதாகவே அவர் வீடு சென்று, கடந்த ஆண்டின் பிழைக்கு வருத்தம் தெரிவித்தேன். பிறகு, “என்ன உண்பீர்கள்?” என்று கேட்காமல், “எதை உண்ண மாட்டீர்கள்? எது பட்டால் உண்ண மாட்டீர்கள்?” என்று கேட்டேன். விடைகள் வியப்பளித்தன. பெரியவருக்குப் பால், தயிர், நெய் ஆகும். ஆனால் இறைச்சி பட்ட பாத்திரம் இம்மாதம் ஆகாது. மகளுக்கோ நன்கு கழுவிய பாத்திரம் போதும். ஆனால் பால், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் கூடாது. இருவரையும் ‘சைவம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்திருந்தால் மீண்டும் ஒருவர் பசியோடு திரும்பியிருப்பார்.

திட்டமிட்டோம். இரண்டு அடுப்பு, இரண்டு வலை, இரண்டு இடுக்கி. காய்கறி அடுப்பைக் காற்று வரும் பக்கம் வைத்தோம், இறைச்சிப் புகை அதன்மேல் அடிக்காதிருக்க. உருளையும் சர்க்கரைவள்ளியும் அலுமினியத் தாளில் சுற்றி முதலிலேயே தணலோரம் புதைத்தோம்; அவை வேக ஒரு மணி நேரமாவது வேண்டும். கதிர்களுக்கு எண்ணெய், எலுமிச்சை, மிளகாய்த்தூள். பெரிய காளான்களுக்குப் பூண்டும் எண்ணெயும். உப்பை இறக்கும்போதுதான் தூவ வேண்டும், இல்லையேல் நீர் விட்டுத் துவண்டுவிடும். ஆப்ரிகாட் ஜாம், வினிகர், மசாலாத்தூள் சேர்ந்த கேப் மலாய் சொசாட்டிக் கலவையில் குடைமிளகாய், வெங்காயம், கத்தரிக்காய்த் துண்டுகளை ஊறவைத்து, அரைமணி நேரம் நீரில் நனைத்த மூங்கில் குச்சிகளில் கோத்தோம். நனைக்காத குச்சி தீப்பற்றும். மக்காச்சோள மாவில் கிண்டும் ‘பாப்’ என்ற களியும், தக்காளி, கேரட், பீன்ஸ் சேர்ந்த ‘சக்கலக்கா’ என்ற காரத் தொடுகறியும் இயல்பிலேயே எல்லார்க்கும் பொதுவானவை.

எஞ்சியது, ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியும் தக்காளியும் வெங்காயமும் வைத்துச் சுடும் பிராய் ரொட்டி. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேராத பாலாடைக்கட்டியாகத் தேடி வாங்கினோம். மகளுக்கு மட்டும் பாலாடைக்கட்டி இல்லாமல், வெண்ணெய்க்குப் பதில் மார்கரின். இங்கும் தவறியிருப்பேன். மிட்டாய் உறைகளில் ஜெலட்டின் இருக்கிறதா என்று தேடிப் பழகிய என் பத்து வயது மகள் மார்கரின் டப்பாவைப் புரட்டிப் படித்து, “வாப்பா, இதில் பால்பொடி இருக்கிறதே!” என்றாள். எண்ணெய்க்கு மாறினோம். ஹலாலுக்காகக் குழந்தைக்குக் கற்றுத்தந்த கவனம் பிறர் நலனுக்கும் பயன்பட்டதைக் கண்டு நெகிழ்ந்தேன்.

இன்னொன்று: காய்கறியை விருந்தினர் இருவருக்கென அளந்து சமைக்கவில்லை. சுட்ட காளானின் மணம் எழுந்தால் இறைச்சி உண்பவர்களின் கையும் முதலில் அங்கேதான் செல்லும். ஆகவே எல்லாருக்கும் போதுமான அளவு செய்தோம். அதையே முதலில் பரிமாறினோம். நானும் அத்தட்டிலிருந்தே தொடங்கினேன்.

புதிய வலையில் விலைச்சீட்டைக் கழற்றாமல் வைத்திருந்தேன். பெரியவர் வந்தார், பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தாமே அச்சீட்டைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடுப்பருகே அமர்ந்து கதிர்களைப் புரட்டத் தொடங்கினார். அவர் மகள் மூன்றாவது சொசாட்டிக் குச்சிக்குக் கை நீட்டியதை நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் கண்டோம்.

அன்பு வாசகர்களே! நம் வீட்டு வலீமாக்களுக்கும் பெருநாள் விருந்துகளுக்கும் மாற்று மத நண்பர்களை அழைக்கிறோம். பிரியாணி அண்டாக்களுக்கு நடுவே, ஒரு மூலையில் கொஞ்சம் சாம்பார் சோற்றை வைத்துவிட்டு, ‘சைவமும் உண்டு’ என்று சொல்லிக் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். பிரியாணி அள்ளிய கரண்டி அதில் விழுகிறதா என்று யார் பார்க்கிறோம்? நாம் பிறர் வீட்டில் எந்தக் கவனத்தை எதிர்பார்க்கிறோமோ, அதே கவனம் நம் வீட்டில் பிறருக்கும் உரியதல்லவா?

அடுத்த விருந்தில் தட்டைப் பார்க்காதீர்கள். விருந்தினரின் கைகளைப் பாருங்கள். அவை நீண்டால்தான் அது விருந்து.