பவுனும் ஊவாவும்

நாம் எட்டுக் கிராம் என்று கணக்கிடும் பவுன், உண்மையில் 7.98 கிராம் எடையுள்ள ஆங்கிலத் தங்க நாணயமே. புனித ஜோர்ஜ் குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தை வீழ்த்தும் காட்சியை, பிஸ்ட்ருச்சி என்னும் இத்தாலியக் கலைஞர் கிரேக்கச் சிற்பப் பாணியில் அதன் பின்புறத்தில் வடித்தார். அது வெளியான ஆண்டு 1817. ஊவாவில் ஆங்கிலேயருக்கெதிரான கிளர்ச்சி மூண்டதும் அதே ஆண்டிற்றான். தற்செயல்தான், எனினும் செய்தித்தாளில் காலங்கழித்தவனுக்கு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் போவதில்லை.

கிரேக்க உலகின் புகழ்பெற்ற பொற்காசு, மக்கெடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் வெளியிட்ட ஸ்டேட்டர். எடை ஏறத்தாழ 8.6 கிராம். ஒருபுறம் அப்பலோவின் தலை, மறுபுறம் இரட்டைக் குதிரை இரதம். பங்கையோன் மலைச் சுரங்கங்களின் பொன் அது. அதைப் பார்த்துக் கெல்ற்றியர் வார்த்த காசுகளின் வழியிலேயே பிரித்தானியாவின் ஆதிப் பொற்காசுகளும் தோன்றின.

பிற்காலத்தில் மக்கெடோனியா உரோமுடன் மோதியது. கி.மு. 168 இல் பிட்னாவில் பேர்சியஸ் மன்னன் தோற்று, உரோம வீதிகளில் வெற்றி ஊர்வலத்தில் நடத்தப்பட்டான். மறு ஆண்டு உரோமர் பொன், வெள்ளிச் சுரங்கங்களை மூடி, நாட்டை நான்காகப் பிரித்தனர். வந்து குவிந்த கொள்ளைச் செல்வத்தால் உரோமக் குடிகளின் நேரடி வரியே நீக்கப்பட்டது.

ஊவாவில் செல்வம் என்பது நிலம். கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 இல் பிடிபட்டு, 1832 இல் வேலூரில் மாண்டான். 1817 இல் அரசுரிமை கோரிய வில்பாவே என்ற சிங்களவர், நாயக்க வம்சத்துத் துரைசாமி என்றே தம்மை அறிவித்துக்கொண்டார். (இதை இன்றைய மேடைகளில் எவரும் உரக்கச் சொல்வதில்லை.) கிளர்ச்சியை அடக்க வந்த படை வயல்களை எரித்தது, குளங்களை அழித்தது. கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1840 ஆம் ஆண்டுச் சட்டம், உறுதியில்லாத தரிசையும் காட்டையும் முடிக்குரியதாக்கிற்று. ஏக்கர் ஐந்து ஷில்லிங்கிற்குத் துரைமார் வாங்கினர். கோப்பி வந்தது, அது நோயில் அழியத் தேயிலை வந்தது. மண்டபம் வழியாக என் முன்னோரும் வந்தனர்.

அவர்களது கூலியில் எஞ்சியது பவுனாயிற்று. பதுளைக்கு அண்மித்த தோட்டமொன்றில் கொழுந்து பறித்த என் அம்மாயியின் தாலியில் ஐந்தாம் ஜோர்ஜின் பவுனொன்று கோத்திருந்தது. பின்புறத்துக் குதிரை வீரனை அவர் மதுரை வீரனென்றே வணங்கினார். 1974 பஞ்சத்தில் லயங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தபோது அதைப் பதுளைக் கடைத்தெருவிற்குக் கொண்டுசென்றார். நானும் உடன் சென்றேன். கடைக்காரர் தராசில் இட்டு, பொன்னுக்குத்தான் விலை, காசுக்கில்லை என்றார்.

“மொதலாளி, சாமிய உருக்கிப்புடுவீங்களா?” என்று கேட்டார் அம்மாயி.

அவர் பதிலின்றிப் பணத்தை எண்ணினார். அப்பணத்தில் வீட்டிலிருந்த ஏழு பேரும் ஆறு கிழமை சாப்பிட்டோம். தாத்தா கண்மூடும்வரை அம்மாயி அணிந்திருந்தது மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றையே.