பிள்ளையின் வட்டில்

திருப்பலியில் நன்மை வழங்கி முடித்துப் பீடத்துக்குத் திரும்பும் குரு, அப்பத்தட்டில் ஒட்டியிருக்கும் துகள்களை விரலால் ஒதுக்கித் திருக்கிண்ணத்தில் சேர்த்து, நீர் வார்த்து அருந்துவார். ஒரு துகளும் கீழே விழலாகாது என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்த பேராசிரியர், அன்று நண்பகலிலேயே உணவறையில் பாதிச் சோற்றை ஒதுக்கிவைத்த மாணவன் ஒருவனை எழுப்பி நிறுத்தினார். காலையில் பீடத்தில் கற்றதை மேசையில் மறந்தாயோ என்று கேட்டார். அந்த மாணவன் நாமே.

அந்தக் கேள்வி ஆண்டுகள் பல கடந்தும் உள்ளத்தில் தைத்தே கிடந்தது. எனவே 2024 ஜூலை 28, பொதுக்காலத்தின் பதினேழாம் ஞாயிறன்று, யோவான் நற்செய்தியின் ஆறாம் பிரிவு வாசகமாக வந்தபோது மறையுரைக்குப் பொருள் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்து வாற்கோதுமை அப்பங்கள், இரண்டு மீன்கள், ஐயாயிரம் பேர், மிஞ்சியது பன்னிரண்டு கூடை. தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளும் அன்றே கூடிவந்தது. முதியவர்களை முன்வரிசையில் அமர்த்தியிருந்தோம். உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று புதன் மறைக்கல்வி உரையில் கூறியதையும், எஞ்சிய உணவை வீசிவிடாமல் காத்த முதிய தலைமுறையை அவர் அங்கே நினைவுகூர்ந்ததையும் எடுத்துச் சொன்னோம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையையும் விடவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. குற்றவாளி உணவு விடுதியோ கல்யாண மண்டபமோ என்று நினைத்திருந்தோர் நிமிர்ந்து பார்த்தனர். நமக்குக் குரல் உயர்ந்தது. ‘வட்டிலில் ஒரு பருக்கை மிஞ்சலாகாது!’ என்று முடித்தோம்.

நல்ல மறையுரை என்று பலர் சொன்னார்கள். நாமும் அவ்வாறே எண்ணிக்கொண்டோம்.

அக்டோபர் செபமாலை மாதம். அன்பியம் அன்பியமாக இல்லங்களைச் சந்தித்து வந்தோம். ஒரு வீட்டின் முற்றத்தில் கால் வைத்ததும், ஒன்றரை வயதுப் பாலகன் ஒருவன் நமது வெள்ளை அங்கியைக் கண்டு வீறிட்டு அலறி, தாயின் சேலைக்குள் முகம் புதைத்துக்கொண்டான். குழந்தைகள் நம்மைக் கண்டு ஓடி வருவதே வழக்கம். அதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. என்ன நேர்ந்தது என்று கேட்டபோது பாட்டி வெள்ளந்தியாகச் சிரித்தார்.

“அது ஒண்ணுமில்ல சாமி. சாப்பிடலேன்னா சாமி வந்து ஏசுவாங்கன்னு சொல்லித்தான் இவனுக்குச் சோறு ஊட்டுறது. நீங்கதானே மிச்சம் வைக்கக் கூடாதுன்னு கோவில்ல சொன்னீங்க!”

நாம் பூச்சாண்டி ஆகியிருந்தோம்.

செபம் முடிந்தபின் பிள்ளைக்கு உணவு நேரம். நாமும் உடனிருந்தோம். வட்டில் நிறையப் பருப்புச் சோறு, நெய், மசித்த முட்டை. வளர்ந்த ஆள் ஒருவருக்குப் போதுமான அளவு. முதல் நாலைந்து வாய் தடையின்றிப் போயிற்று. பிறகு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிலவைக் காட்டினார்கள், கைப்பேசியில் பாட்டுக் காட்டினார்கள், இறுதியில் நம்மையும் காட்டினார்கள். அழுகைக்கு வாய் திறந்த நேரம் பார்த்துப் பாட்டி ஒரு கவளத்தை உள்ளே தள்ளினார். பிள்ளை ஓங்கரித்தான். உண்டது முழுவதும் வெளியே வந்து பாயிலும் பாட்டியின் மடியிலும் சிந்தியது. ஒரு பருக்கையும் வீணாகலாகாது என்று தொடங்கிய ஊட்டலில் ஒரு வட்டில் சோறும் வீணாயிற்று.

விடைபெறும் வேளையில் அந்த இளந்தாய் திண்ணை வரை வந்தார்.

“ஃபாதர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க அப்படிச் சொன்ன நாள்ல இருந்து இவன் வட்டில்ல மிஞ்சுறதுதான் எனக்குச் சாப்பாடு. அவன் எச்சிச் சோறு, ஆறிப்போனது, கொழஞ்சுபோனது எல்லாம். எனக்குன்னு ஒரு வட்டில் போட்டு உக்காந்து மூணு மாசம் ஆச்சு.”

குறை கூறும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. செய்தி சொல்வது போலச் சொன்னார். திரும்பும் வழியில் செபமாலையின் மணிகள் விரலில் நகர்ந்தனவேயன்றி மனம் அதில் இல்லை.

பாட்டியைக் குற்றவாளியாக்க நம்மால் இயலாது. 1966, 67ஆம் ஆண்டுகளில் தமிழகத்தை வருத்திய அரிசித் தட்டுப்பாட்டின்போது அவருக்குப் பத்து வயது. மரவள்ளிக் கிழங்கும் சோளக்கூழுமே உணவாக இருந்த நாள்களில், வட்டிலை வழித்து நக்கிய பிள்ளையே பிழைக்கும் என்று அவர் கண்ணால் கண்டவர். பேரன் முகம் திருப்பும்போது அவர் காண்பது அந்தப் பழைய பஞ்சத்தின் முகம். அவருடைய அச்சத்துக்குத்தான் நாம் பீடத்தருகே நின்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் கன்னியர் மட மருந்தகத்தின் சகோதரியிடம் சென்றோம். செவிலியராக நெடுங்காலம் உழைத்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “குருக்கள் பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பேசும் முன்பு யாரையாவது கேட்பது நல்லது” என்று தொடங்கினார். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு, இரண்டரை கிலோவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. ஒரு நாள் நன்கு உண்ணும். மறுநாள் இரண்டு வாயோடு நிறுத்தும். இதை அறியாத வீடுகள்தாம் பிள்ளை இளைக்கிறதென்று அஞ்சி வட்டிலை நிரப்புகின்றன. எடை அட்டையில் கோடு ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். ஏறாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பசிக் குறிப்பையும் நிறைவுக் குறிப்பையும் அறிந்து ஊட்டவே சொல்கிறது என்றார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு; எவ்வளவு என்பது பிள்ளையின் உரிமை. அமெரிக்க உணவியலார் எலின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீட்டைச் சகோதரி ஏதோ விவிலிய வசனம் போல ஒப்புவித்தார்.

நமக்கு இன்னொன்றும் விளங்கிற்று. தமிழில் மிச்சம் என்றொரு சொல் இருக்கிறது. எச்சில் என்று வேறொரு சொல்லும் இருக்கிறது. மிச்சத்தை மூடி வைக்கலாம்; மாலையில் வேறொன்றாக ஆக்கலாம். எச்சில் பட்டதோ அப்படியன்று. உமிழ்நீர் கலந்த கஞ்சி சிறிது நேரத்தில் நீர்த்துப்போகிறது, கிருமியும் பெருகுகிறது. ஒரு குவியல் சோற்றில் பிள்ளையின் கரண்டி பட்ட கணத்திலேயே அந்தக் குவியல் முழுவதும் மிச்சம் என்ற நிலையிலிருந்து எச்சில் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது. வீண் நிகழ்வது பிள்ளை வாயை மூடும்போது அன்று. நாம் அளவுக்கு மிஞ்சிப் பரிமாறியபோதே அது நிகழ்ந்துவிட்டது.

அன்றிரவு நற்செய்தியை மீண்டும் எடுத்துப் படித்தோம். பன்னிரண்டு கூடைகளை நோக்கி ஓடிய அவசரத்தில் நாம் தாண்டிச் சென்ற ஒரு சொல் பதினோராம் வசனத்தில் இருந்தது. அமர்ந்திருந்தோர் வேண்டிய மட்டும் உண்டார்கள் என்கிறார் யோவான். அவர்கள் வயிறார உண்ட பிறகே, எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் சீடரிடம் பணிக்கிறார். மிஞ்சியதைக் கூடையில்தான் சேர்த்தார்கள். எவர் வயிற்றிலும் திணிக்கவில்லை. இன்னும் இரண்டு வாய், இன்னும் ஒரு துண்டு என்று சீடர் எவரும் புல்தரையில் யாரையும் துரத்தியதாக எழுதப்படவில்லை. இறையியலில் பட்டம் பெற்ற நமக்கு இது புலப்பட ஓர் இளந்தாயின் ஆறிய சோறு தேவைப்பட்டது. பாலைநிலத்தில் பொழிந்த மன்னாவும் அவரவர் உண்ணும் அளவுக்கே சேர்க்கப்பட்டது என்பதும், மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்துப்போயிற்று என்பதும் உடன் நினைவுக்கு வந்தன.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் பிரிவிலும் ஒரு தாய் வருகிறார். சிரிய பெனிசிய இனத்தவர். தீய ஆவி பிடித்த சிறு மகளுக்காக வந்தவர். பிள்ளைகள் சிந்தும் துணுக்குகளை மேசைக்கடியில் நாய்க்குட்டிகள் தின்னுமே என்று அவர் துணிந்து பதில் சொன்னபோது ஆண்டவர் இணங்கினார். அந்தத் தாய்க்குப் பிள்ளைகள் சிந்துவார்கள் என்பது தெரிந்திருந்தது. ஆண்டவரே ஒரு தாயின் சொல்லுக்கு இணங்கியிருக்க, பங்குக்குரு இணங்குவதில் குறைவொன்றும் இல்லை.

சகோதரியையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு மீண்டும் சென்றோம். இம்முறை அங்கியின்றி, வேட்டி சட்டையுடன். சகோதரி மருமகளிடம் ஏதும் சொல்லவில்லை, பாட்டியிடமே பேசினார். குடும்பத்துக்குச் சமைப்பதிலேயே மிளகாய் சேர்க்கும் முன்பு பிள்ளைக்குரியதைத் தனியே எடுத்து மூடி வைப்பது. அதிலிருந்து சிறு வட்டிலில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் இடுவது. கேட்டால் மீண்டும் இடுவது. முகம் திருப்பினால் நிறுத்துவது. புதுக் காய் எதுவானாலும் விரல் நுனியளவு. பத்துப் பதினைந்து முறை காட்டிய பிறகே சில பிள்ளைகள் அதை ஏற்குமாதலால், ஒவ்வொரு முறையும் கிண்ணம் நிறைய வேகவைத்து எறிய வேண்டியதில்லை. உணவுக்குச் சற்று முன்பு பாட்டி கொடுத்துவந்த இரண்டு பிஸ்கட் பற்றிய பேச்சும் எழுந்தது. அதில் மட்டும் பாட்டி எளிதில் இணங்கவில்லை.

எஞ்சியதை ஆளும் கலையில் பாட்டிக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. எச்சில் படாத இட்லி மாலையில் உப்புமா ஆகும். சோறு உப்பும் சீரகமும் சேர்ந்து வெயிலில் வடகமாகக் காயும். காய்த்தோல் ஆட்டுக்கும், சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த நீரும் மாட்டுத் தொட்டிக்கும் போகும். பிள்ளை தரையில் சிந்துவதைப் பொறுக்கக் கோழிகள் உண்டு. தம் பழைய அறிவுக்கு இடம் கிடைத்ததும் பாட்டியின் முகம் தெளிந்தது. அவரிடமிருந்து பறிக்க வேண்டியிருந்தது நமது மறையுரையை மட்டுமே.

அதை நாமே திரும்பப் பெற்றோம். அடுத்த ஞாயிறு மறையுரையில், ஜூலையில் சொன்னது அரைகுறையான பேச்சு என்று வெளிப்படையாகக் கூறினோம். பிள்ளையின் எச்சிலை உண்பது தாயின் கடமை என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் கூறவில்லை என்றும், வீட்டில் எல்லாரும் அமரும்போது தாய்க்கும் ஒரு வட்டில் போடுக என்றும் கேட்டுக்கொண்டோம். ஆண்கள் பகுதியில் சிலர் தொண்டையைச் செருமினார்கள். இந்த மறையுரையை நன்றாக இருந்தது என்று எவரும் சொல்லவில்லை.

2025 ஜூனில் அந்தோனியார் திருவிழா அசனத்தின்போது வேறொரு சிக்கல் எழுந்தது. மடியில் அமரும் பிள்ளைக்கும் முழு இலை போட்டு, பெரியவர் அளவுக்கே சோறும் சாம்பாரும் வார்ப்பது எங்கள் பந்தி வழக்கம். பிள்ளை ஒரு பொரித்த அப்பளத்தோடு எழுந்துவிடும். இலை அப்படியே மூடப்படும். இவ்வாண்டு சிறு இலைத்துண்டு போட்டு, கேட்கக் கேட்க இடலாம் என்றோம். புனிதர் பெயரால் இடும் சோற்றில் அளவு பார்ப்பதா, ஊர் கஞ்சத்தனம் என்று சொல்லாதா என்று பங்குப்பேரவையில் சிலர் வாதிட்டார்கள். முடிவில் இரண்டு பந்திகளுக்கு மட்டும் இணங்கினார்கள். அந்த இரண்டு பந்திகளிலும் சிறு பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டதைப் பரிமாறிய இளைஞர்களே வந்து சொன்னார்கள்.

அந்த வீட்டுப் பாலகனும் வந்திருந்தான். இப்போது இரண்டு வயது கடந்துவிட்டது. வெள்ளை அங்கியைக் கண்டால் இன்னமும் பாட்டியின் பின்னால் ஒளிகிறான். சற்றுப் பொறுத்து எட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல வந்து, தனக்குப் போதும் என்று தோன்றிய வாழைப்பழத்தின் பாதியை நம் கையில் வைத்துவிட்டு ஓடினான். கடித்த பழம், விரல்கள் பதிந்து குழைந்திருந்தது. அவன் தாய் பதறிப்போய், “ஐயோ ஃபாதர், எச்சி!” என்று கை நீட்டினார். மருந்தகச் சகோதரி அருகில் இருக்கிறாரா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு, நாம் அதை உண்டோம்.