தணல் கற்பித்த பாடம்



கடந்த பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டின் பின்புறத்தில் மீன் சுட்டோம். ஈக்கான் பாக்கார் என்றால் மலேசியாவில் அறியாதவர் இலர். மலாக்காவின் உம்பாய், சிலாங்கூரின் ஜெராம் போன்ற கடலோர ஊர்களுக்கு இதற்காகவே குடும்பத்தோடு செல்வோர் பலர். நாங்கள் வாழ்வது தைப்பிங்கில். மீனுக்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. சற்று நேரப் பயணத்தில் கோலா செப்பெத்தாங் மீனவக் கிராமம் வந்துவிடும்.

மீன் சுடும் எண்ணம் என்னுடையதன்று; என் துணைவியாருடையது. அதற்கொரு காரணம் இருந்தது. மூத்த மகனின் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த நாள் முதல் எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை குறைந்துபோயிருந்தது. ஆறாம் படிவத்தில் சேர்ந்து பட்டப்படிப்பை நோக்கிச் செல்வான் என்று நான் எண்ணியிருந்தேன். அவனோ சமூகக் கல்லூரியில் சமையற்கலை பயில வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்தை என்முன் நீட்டினான். "ஆசிரியர் வீட்டுப் பிள்ளை அடுப்படியில் நிற்பதா?" என்று கேட்டுவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்றுவிட்டான். இரண்டு வாரம் அப்படியே கழிந்தது.

"இந்த வீட்டில் இரண்டு ஊமைகளுக்குச் சமைத்துப் போட என்னால் முடியாது. சனிக்கிழமை நீங்களே மீன் சுடுங்கள்," என்றார் துணைவியார்.

கோலா செப்பெத்தாங் சென்று கெம்போங் மீன் 2 கிலோவும், இரண்டு விரற்கடைப் பருமனில் நறுக்கிய திருக்கைத் துண்டுகளும் வாங்கி வந்தேன். வரும் வழியில் சதுப்புநில மரக்கரி ஒரு மூட்டை. அந்தக் கரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால், அங்கே மீண்டும் மரம் வளர்ந்து வெட்டுவதற்கு 30 ஆண்டுகள் காத்திருப்பார்கள். 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் நெருக்கமான மரங்களைக் களைந்து, எஞ்சியவற்றுக்கு இடம் விடுவார்கள். முதிர்ந்த மரங்களைப் பட்டை உரித்துக் கவிழ்த்த கிண்ணம் போன்ற பெரிய சூளைகளில் அடுக்குவர். தீ எரிவது சூளையின் வாயிலில்தான். உள்ளே இருக்கும் கட்டைகள் அனலில் நாட்கணக்கில் நீரை இழந்து கரியாகின்றன. எப்போது வாயை அடைப்பது என்பதை அனுபவமிக்க சூளைக்காரர் புகையின் மணத்தைக் கொண்டே அறிந்துகொள்வார். பல முறை மாணவர்களை அங்கே கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். இவற்றையெல்லாம் விளக்கியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கரியில் ஒழுங்காக ஒரு மீன் சுட எனக்குத் தெரியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, மீனில் வாடை ஏறிவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தேங்காய் நாரும் காய்ந்த சிரட்டையும் வைத்துப் பற்ற வைத்தேன். சுடர் எழுந்ததும் கம்பி வலையைப் போட்டேன். மஞ்சளும் உப்பும் தடவிய மீனின் மேல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மட்டையால் வேகமாக விசிறினேன். கீழே சொட்டிய எண்ணெயில் தீ குபீரெனக் கிளம்பியது. ஐந்தே நிமிடத்தில் மீன்கள் கருகின. புரட்ட முயன்றால் தோல் முழுவதும் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். முள்ளருகே இரத்தம் கசிந்தது. வெளியே கரி, உள்ளே பச்சை.

நாற்காலியில் அமர்ந்திருந்த என் தாயார், "பேராண்டியைக் கூப்பிடுப்பா," என்றார். நான் கூப்பிடவில்லை. புகையைக் கண்டு அவனே வந்தான்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. இது இன்னும் தீதான். தணல் ஆகல."

இரண்டு வாரங்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் சொற்கள் இவை.

கம்பி வலையை எடுத்துக் கீழே வைத்தான். கரியின் மேல் வெண்சாம்பல் படரும் வரை, கால் மணி நேரத்துக்கு மேல், ஒன்றும் செய்யாமல் நின்றான். பிறகு தணலை ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிதாகவும் பரப்பினான். வலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினான். நான்கு எண்ணும் வரை கை தாங்கினால் மீனுக்கு ஏற்ற சூடாம். ஒட்டியிருந்த தோலைச் சுரண்டித் துடைத்து, வலையை நன்றாகக் காய வைத்து, பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து அதன்மேல் தேய்த்தான். எஞ்சிய மீன்களின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தான். "ஈரமும் குளிர்ந்த கம்பியும்தான் ஒட்டறதுக்குக் காரணம்," என்றான். ஒவ்வொரு மீனின் இருபுறமும் முள் வரை மூன்று கீறல்கள்.

திருக்கைக்கு வாழையிலை. இலையைத் தணலில் வாட்டி, அதன்மேல் துண்டுகளை வைத்து மூடினான். இலையின் ஈரம் மீனை உலராமல் காத்தது. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செரை, பெலாச்சான் சேர்த்து அரைத்து வதக்கிய சம்பாலை முதலிலேயே பூச நான் கரண்டியை எடுத்தபோது, தடுத்தான். "அதுல சீனி இருக்கு. சீக்கிரம் கருகிடும். மீன் முக்கால்வாசி வெந்த பிறகுதான் தடவணும்."

இவையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். தேர்வு முடிந்த நாள் முதல், வாரம் இருமுறை, நண்பன் வீட்டார் இரவுச் சந்தையில் நடத்தும் மீன் கடையில் உதவிக்கு நின்றானாம். "சம்பளம் வாங்கலப்பா. கத்துக்கத்தான் போனேன்." அந்த மாலைகளில் அவன் ஊர் சுற்றுகிறான் என்றே நான் எண்ணிக் கடிந்திருக்கிறேன். எங்கே செல்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பெற்றோர் சந்திப்பின்போது, "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு திறமை இருக்கும்; மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள்," என்று எத்தனையோ தாய் தந்தையரிடம் கூறியிருக்கிறேன். அதை நம்பித்தான் கூறினேன். ஆனால் அந்த அறிவுரை பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று என் மனம் எப்படியோ வகுத்து வைத்திருக்கிறது.

இருட்டிய பின் உண்ண அமர்ந்தோம். கெம்போங்கின் தோல் மொறுமொறுவென்றும் சதை வெண்மையாகப் பிரிந்தும் இருந்தது. புளியைக் கரைத்து, வெங்காயமும் சிறு மிளகாயும் நறுக்கிப் போட்ட ஆயர் ஆசாம் தொட்டுக்கொள்ள. பல் குறைந்த தன் பாட்டிக்காக, மகன் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, சதையை மட்டும் அவர் தட்டில் வைத்தான். "எஸ்டேட்டுல உன் தாத்தா ரப்பர் கட்டைத் தணல்ல சுட்டுக் கொடுப்பாரு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்," என்றார் தாயார். என் தந்தையார் மீன் சுடுவதை நானும் சிறுவயதில் பார்த்ததுண்டு. அருகில் நின்று கற்றுக்கொள்ளத்தான் தோன்றவில்லை. "போய்ப் படி," என்று அவரும் என்னை விரட்டுவார். நானும் படித்தேன்.

நான் கருக்கிய மீன்களை யாரும் உண்ணவில்லை. கருகிய பகுதி உடல்நலத்துக்கும் உகந்ததன்று. அவற்றைக் குப்பையில் போடும்போது ஒன்று உறைத்தது. தீயின் வேகம் மீனை வேக வைக்காது. மேலே கருக்கிவிட்டு உள்ளே பச்சையாகவே விட்டுவிடும். தேர்வு முடிவு வந்த அன்று என் சினமும் மகனை அப்படித்தான் செய்தது. உள்ளே சென்று சேர்வது தணலின் நிதானமான வெம்மைதான். அதற்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

தணலில் நீர் தெளித்து அணைத்துக்கொண்டிருந்த மகனிடம், "அந்தப் படிவத்தை எடுத்து வா," என்றேன். அவன் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தான். பின்னர் கைகழுவிவிட்டு எடுத்து வந்தான். கையொப்பமிட்டேன். தாளில் மீன் வாடை.

என் ஏமாற்றம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று கூறினால் அது பொய்யாகும். அவன் பட்டதாரி ஆகவேண்டும் என்ற ஆசை இன்னும் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. எனினும் அடுத்த சனிக்கிழமையும் மீன் சுடுவதாக முடிவு செய்திருக்கிறோம். இம்முறை நான் மாணவன்.

நீங்களும் வீட்டில் முயன்று பாருங்கள். திறந்த வெளியில் மட்டுமே சுடுங்கள். வீட்டினுள் கரி மூட்டினால் நச்சுவாயு சூழ்ந்து உயிருக்கே ஆபத்து. கரி வெளுக்கும் வரை காத்திருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையோடு பேசிக்கொண்டிருங்கள்.

மீண்டும் சந்திப்போம்.