முதுமலையில் மரம் எண்ணுகிறவர்கள்

முன்னே போகும் குறும்பர் அண்ணன் கையை உயர்த்தினால் எல்லாரும் நின்றுவிட வேண்டும். ஏனென்று கேட்கக் கூடாது. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் யானையா, காட்டுமாடா என்பதை அவர் மூக்காலும் காதாலும்தான் தெரிந்துகொள்கிறார்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 50 ஹெக்டேர் ஆய்வு நிலம் இது. யானை ஆய்வாளர் ராமன் சுகுமாரும் குழுவினரும் 1988-இல் தொடங்கினார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்று முதல் பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தொடக்கத்திலேயே 25,000-க்கும் மேல். எது செத்தது, எது புதிதாக வந்தது என்று வருடா வருடம் பார்க்கிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அளக்கிறார்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் தொடங்கிய முறை. அங்கே யானைக்கு வழிவிடும் வேலை மட்டும் இல்லை.

இது அளக்கும் வருடம். ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்ற, ஆய்வு மாணவர் எழுதிக்கொள்கிறார். தேக்கு, வெண்தேக்கு, மருது, மறுபடி தேக்கு. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு அரை மணியில் அலுத்துவிடும். கோடைத் தீயில் கருகிய ஒரு கன்று வந்தபோதுதான் பேச்சு சூடுபிடித்தது.

"செத்துடுச்சுன்னு எழுதட்டாண்ணே?"

"அடியில துளிர் இருக்கே தம்பி. வேரு உசுரோடதான் இருக்கு."

நான் பார்க்க ஆசைப்பட்டது கைடியா என்று ஆய்வாளர்கள் எழுதும் நடுத்தர மரத்தை. 1988-இல் இங்கே மிக அதிகமாக இருந்த மரங்களில் ஒன்று. யானை அதை ஒடித்தும் பட்டை உரித்தும் தின்று தீர்த்தது. பத்தாண்டுக்குள் பெரும்பகுதி போய்விட்டது. பழியை யானைமேல் மட்டும் போட முடியாது, சிறு கன்றுகளைத் தீயும் விட்டுவைப்பதில்லை. இதெல்லாம் காட்டில் நிற்கிறவன் கண்ணுக்குப் படாது. சரக்கொன்றை பூத்துக் காடு நிறைவாகத்தான் தெரிகிறது. இல்லாமல் போன மரம் பழைய பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மூன்று வருடத்தில் முடிவு கேட்கும் நம் ஆய்வு நிதி வழக்கத்துக்குள் இந்தக் கணக்கு முப்பது ஆண்டு தாண்டி ஓடுவதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒன்றாவது மிச்சம் உண்டா என்று கேட்டேன். சற்றுத் தள்ளி அண்ணன் காட்டினார்: விரல் தடிமனில், நுனி ஒடிந்த ஒரு கன்று. டேப் வைத்தார்கள். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. எண் போட்டாக வேண்டும். மாணவர் பையில் தகடு தேடினார்.