எங்கே இருக்கின்றாய் என்னும் கேள்வி

பீங்கான் நகரமாம் விருத்தாசலத்தில் வாழும் நமக்கு நெருப்பு அந்நியமன்று. களிமண்ணைக் கிண்ணமாகவும் அகலாகவும் மின்காப்பானாகவும் ஆக்குவது அதுவே. கனன்றெரியும் சூளைக்குள் மனிதன் நுழைய இயலாது. ஆதலால் சிறு கூம்புகளை உள்ளே வைத்து, துளை வழியே நோக்கும் முறை உண்டு. குறித்த வெப்பம் எட்டியதும் கூம்பு தலைசாய்க்கும். உள்ளே நிகழ்வதை வெளியே நிற்பவர் அறிந்துகொள்வார்.

எரியும் கட்டடமோ வேறு. அங்கே மனிதனே நுழைய வேண்டியுள்ளது. உயிர் காக்கச் சென்ற தீயணைப்பு வீரர் புகையில் வழிதவறினால், அவர் இருக்குமிடத்தை வெளியே நிற்போர்க்கு எது உணர்த்தும்?

1999 டிசம்பர் 3ஆம் நாள், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ஆறு மாடிக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. வீடற்ற இருவர் உள்ளே தங்கியிருந்ததால், அவர்களைக் காக்க வீரர்கள் நுழைந்தனர். அவ்விருவரோ முன்னரே வெளியேறியிருந்தனர். அதை எவரிடமும் சொல்லவில்லை. தேடிச் சென்ற வீரருள் இருவர் சாளரமற்ற சுவர்களுக்கிடையே வழி தவறினர். முதுகிலிருந்த காற்று தீர்ந்துகொண்டிருந்தது. அவர்களைத் தேடி மேலும் நால்வர் சென்றனர், அவர்களும் திரும்பவில்லை. அறுவரின் உடல்களையும் மீட்க எட்டு நாள்கள் ஆயின.

அன்று மற்ற வீரர்களும் உள்ளே பாயத் துடித்தனர். பொறுப்பதிகாரியோ வாயிலில் நின்று அவர்களைத் தடுத்துவிட்டார். இங்கேதான் நம் உள்ளம் தடுமாறுகிறது. காணாமற்போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதையும் விட்டுச்செல்லும் ஆயனை லூக்கா நற்செய்தியில் நாம் போற்றுகிறோம். அப்படியாயின், எஞ்சியோரை விட மறுத்த அந்த அதிகாரி அன்பற்றவரா? அல்லர். யோவான் நற்செய்தியில் நம் ஆண்டவர் தம்மை ஆயன் என்பதோடு வாயில் என்றும் கூறுகின்றார். தேடிச் செல்வதும் அன்பு. வாயிலில் நின்று காப்பதும் அன்பு. இரண்டும் ஒரே வேளையில் மோதிக்கொள்ளும்போது, அவற்றை இணைக்க வல்லது அறிவு ஒன்றே. காணாமற்போனவர் எந்த மாடியில், எந்த மூலையில் இருக்கிறார் என்பது தெரிந்திருந்தால், அந்த அதிகாரியின் முன் வேறொரு வழி திறந்திருக்கக்கூடும்.

இந்த அறிவைத் தேடியே பலர் உழைத்துவருகின்றனர். வீரர் அசைவற்றுக் கிடந்தால் அரை நிமிட அளவில் தானே உரக்க ஒலிக்கும் சிறு கருவி ஏற்கெனவே வழக்கில் உண்டு. இவ்வகை ஒலிக்கருவிகள் பலவற்றில் ஓசை எழுப்புவது, மின்சாரம் பாய்ந்ததும் அதிரும் மெல்லிய பீங்கான் வகைத் தகடே என்பது நம் ஊராருக்கு உவப்பான செய்தி. ஆயினும் பெருந்தீயின் இரைச்சலில் ஓசை சிதறும். ஆதலால் வீரரின் உடையில் வானொலி அலைபரப்பியைப் பொருத்தி, கையடக்க அலைவாங்கியால் தேடும் முறையை வகுத்தனர். நெருங்க நெருங்க அலை வலுக்கும், விலகினால் மெலியும்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. விண்கோள்களின் ஜி.பி.எஸ். அலைகள் கனத்த கூரைகளுக்குள் நுழைவதற்குள் நலிந்துவிடுகின்றன. உள்ளிருந்து வரும் அலைகளோ சுவரிலும் இரும்பிலும் மோதித் திரும்பி, பல திசைகளிலிருந்து வருவன போல் மயக்குகின்றன. ஒரு மாடி பிழைத்தால் ஓர் உயிர் போகும். அதே வூஸ்டர் நகரின் பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள், அந்த அறுவரின் இழப்புக்குப் பின் இச்சிக்கலைத் தீர்க்கப் பல்லாண்டுகள் முயன்றனர். துயரத்தை ஆய்வாக்கிய அவர்களது உழைப்பும் ஒருவகைச் செபமே.

நம் நாட்டிலும் இக்காயம் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளையே ஆண்டுதோறும் தீத்தொண்டு நாளாக நினைவுகூர்கிறோம். 2020 நவம்பர் 14, தீபாவளியன்று, மதுரையில் எரிந்த துணிக்கடையின் பழங்கட்டடம் இடிந்து வீரர் இருவர் உயிரிழந்தனர். கருவி எல்லா மரணத்தையும் தடுக்காது. எனினும் பிறருக்காக நெருப்பில் இறங்குவோருக்கு நல்ல கருவிகளைக் கேட்டுப் பெற்றுத் தருவது, அவர்களால் காக்கப்படும் சமுதாயத்தின் கடன்.

தொடக்க நூலில், ஒளிந்துகொண்ட ஆதாமை நோக்கி ஆண்டவர் அவன் இருக்குமிடத்தைக் கேட்கிறார். அறியாமல் கேட்டவரல்லர் அவர். மறைந்தவன் வாய்திறக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டார். வாய்திறக்கவும் வலுவற்றுக் கிடப்பவனுக்காகப் பதில் சொல்வதே அச்சிறு அலைபரப்பியின் பணி. ஆனால் அது இடத்தைத்தான் சொல்லும். அங்கே செல்வதற்கு இன்னொரு மனிதன் வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தீ நேர்ந்தால் வெளியேறியவர் உடனே தம்மை அறிவிக்கட்டும். உள்ளே இருப்போர் எத்தனை பேர் என்பதை அண்டை வீட்டார் தெளிவாகச் சொல்லட்டும். வூஸ்டரில் சொல்லப்படாமற் போனது அத்தகைய ஒரு சொல்தான். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை அறிந்து வாழ்வதே அயலார் அன்பின் முதற்படி. அதை நெருப்பு வருமுன்னரே கற்றுக்கொள்வோமாக.