கோப்புகளை வாசிப்பவர்கள்

'உங்களுடைய பலம் என்ன?' என்று நேர்முகத் தேர்வுகளில் கேட்பார்கள். கடின உழைப்பு, பொறுமை என்று மனப்பாடமாய்ச் சொல்லிவிட்டு எழுந்து வருவோம். நாவல் வாசிப்பேன் என்று சொல்லும் துணிவு எங்களில் எவருக்கும் வந்ததில்லை. மேசை இழுப்பறைக்குள் சிற்றிதழை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் காலந்தள்ளும் இனம் எங்களுடையது. வாசிப்பு வேறு, வயிற்றுப்பாடு வேறு என்பது எங்களுக்குள் எழுதப்படாத விதி.

அந்த விதியை ஐயுறும்போதெல்லாம் எங்கள் பேச்சு பிராக் நகரத்துக் காஃப்காவிடம் போய் நிற்கும். அலுவலகத்தால் நசுக்கப்பட்ட கலைஞன் என்பதே அவரைப் பற்றி நிலைத்துவிட்ட சித்திரம். அவருடைய நாட்குறிப்புகள் அதற்கு இடம் தருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அலுவலகத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு மனிதர் தென்படுகிறார். பொஹீமியத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908ல் தற்காலிக ஊழியராய்ச் சேர்ந்தவர், 1922ல் நோயால் ஓய்வு பெறும்போது முதுநிலைச் செயலாளர். முதல் உலகப் போரின்போது, இவர் இல்லாமல் முடியாது என்று நிறுவனமே எழுதிக்கொடுத்து அவருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு வாங்கியது.

1909ஆம் ஆண்டுக்கான நிறுவன அறிக்கையில் மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி இருக்கிறது. சதுரத் தண்டில் கத்தி பொருத்திய இயந்திரத்தில், தண்டுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே இடைவெளி அகலம். மரம் சற்றே துள்ளினால் விரல்கள் உள்ளே போகும். உருளைத் தண்டில் அந்த இடைவெளி குறுகியது. விரல் தவறினாலும் கீறலோடு போகும். படங்களோடு இதை விளக்குகிறார். ஒப்பாரி இல்லை. விரல் எங்கே நுழைகிறது, ஏன் நுழைகிறது, அவ்வளவுதான். பூச்சியாகக் கண்விழித்தவனின் கதையை 1912ல் எழுதியதும் இதே கைதான். இரண்டிலும் ஒரே கண் வேலை செய்கிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வாசகன் என்றால் அலங்காரமாய் எழுதுபவன் என்று மேலதிகாரிகள் நினைத்துக்கொள்கிறார்கள். பணி ஓய்வு விழா வாழ்த்துமடல்கள் எங்கள் தலையில் விழுவது அதனால்தான். (அது தனித் துன்பம்.) ஆனால் எங்களுக்கு உயர்வு தேடித் தந்தது வாழ்த்துமடல் அல்ல, ஏழாண்டுகளாய்த் தீராமல் கிடந்த ஒரு தணிக்கை ஆட்சேபணை. பதில் எழுத உட்கார்ந்தவர்களெல்லாம் கடைசிக் கடிதத்திலிருந்தே தொடங்கியிருந்தார்கள். நாங்கள் மூன்று கட்டுக் கோப்பையும் முதல் தாளிலிருந்து, நாவலை வாசிப்பதுபோல் வாசித்தோம். 'அனுப்பப்பட்ட பொருட்கள்' என்று முதல் இரண்டாண்டுகள் வந்த தொடர், ஒரு கடிதத்தில் 'பெறப்பட்ட பொருட்கள்' என்று மாறியிருந்தது. அதற்குப் பின் வந்தவர்கள் பெறாத பொருளுக்குக் கணக்குச் சொல்லித் தடுமாறியிருக்கிறார்கள். பாத்திரம் ஒன்று திடீரென்று வேறு குரலில் பேசினால் வாசகனுக்கு உறுத்துமே, அதே உறுத்தல்தான். பதில் ஒரே பக்கத்தில் முடிந்தது. ஆட்சேபணை கைவிடப்பட்டது.

அதன்பின் எங்களில் ஒருவர் பதவி உயர்வுடன் தலைமை அலுவலக வரைவுப் பிரிவுக்குப் போனார். சிக்கலான கோப்பெல்லாம் அவரிடமே வருகிறது. காஃப்காவுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு அலுவலகம் முடிந்தது. பகலில் உறங்கி இரவில் எழுதினார். 'தீர்ப்பு' கதையை 1912 செப்டம்பரில் ஒரே இரவில் எழுதி முடித்தார். எங்கள் நண்பர் வீடு திரும்பவே எட்டாகிறது. பகலெல்லாம் சொல்லை எடைபோட்டவருக்கு இரவில் ஒரு வாக்கியம்கூட எழுதத் தோன்றுவதில்லை. மூன்றாண்டுகளாய் ஒரு சிறுகதையும் வரவில்லை. சம்பளம் கூடியிருக்கிறது, மகளின் கல்லூரிக் கட்டணம் கடனின்றிக் கட்டப்படுகிறது. அதை எளிதாய் ஒதுக்கிப் பேச எங்களால் ஆகாது.

இப்போது கணக்குப் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். அங்கே எண்கள்தான் அதிகம்.